எலெக்ட்ரிக் சோக்: ஒயர் இழுப்பதும், கோளாறு பார்ப்பதும், வண்டி தூங்கும் ஊரில் செட் பண்ணுவதும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அங்கே ஓடுவது ஒரு பழைய பெட்ரோல் ஜீப். கான்டெஸா காரிலிருந்து எடுத்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின், அதன் மேல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் வெபர் 32/36 கார்புரேட்டர், அதில் எலெக்ட்ரிக் சோக். கார்புரேட்டரை மாற்றிப் பூட்டியது சேலத்தில், ஒரு பட்டறையில், மே மாத மத்தியானத்தில். அன்றைக்கு அடித்தவுடன் ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங் நின்று பேசியது. டிசம்பரில் மலை மேல் அதே வண்டி, காலையில் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஒண்டிக்கடை வரைக்கும் பெட்ரோல் வாசத்தோடு போனது. "சேலத்துல நல்லாத்தான ஓடுச்சு மாப்ள?" என்று மாமா கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. ஜெட்டைக் கழற்றினேன், மிதவையைப் பார்த்தேன், பிளக் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பிழை இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. ஒன்று, சோக்குக்குக் கரண்ட் எடுத்த இடம். இன்னொன்று, சோக்கை செட் செய்த ஊர்.

இதைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெபரை வைத்துச் சொல்கிறேன். அங்கங்கே திருகும் இடம் மாறினாலும், எலெக்ட்ரிக் சோக் உள்ள பிற கார்புரேட்டர்களுக்கும் இதே வழிதான்.

முதலில் அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி, குழாய்ச் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஸ்டார்ட் ஆக பெட்ரோல் அதிகமும் காற்றுக் குறைவுமாக வேண்டும். கார்புரேட்டரின் வாயில் இருக்கும் சோக் தகடு மூடிக்கொண்டு அதைத்தான் செய்கிறது. பத்மினியிலும் அம்பாசடரிலும் டேஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுப்போமே, அதே தகடுதான். அங்கே நம் கை செய்ததை இங்கே ஒரு சுருள் செய்கிறது.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் வட்டமான கறுப்பு டப்பா ஒன்று மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். அதற்குள் இரண்டு வேறு உலோகங்களை ஒட்டி, கடிகார ஸ்ப்ரிங் போலச் சுருட்டிய பட்டை இருக்கிறது. குளிரில் அது இறுகித் தகட்டை மூடும். சூட்டில் தளர்ந்து திறக்கும். டப்பாவுக்குள் இருக்கும் சின்ன ஹீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் சுருள் மெல்லச் சூடாகி, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தகடு நேராக நிமிர்ந்துவிட வேண்டும். என்ஜின் சூடாகிவிட்டதா என்று இந்த டப்பாவுக்குத் தெரியாது. தனக்கு எவ்வளவு நேரம் கரண்ட் வந்தது, வெளியில் எவ்வளவு குளிர், இந்த இரண்டு மட்டும்தான் அதற்குத் தெரியும். கோளாறு பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

கூடவே இரண்டு துணை உறுப்புகள் உண்டு. என்ஜின் ஸ்டார்ட் ஆன அந்தக் கணமே வேக்கூமால் (என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசையால்) இழுக்கப்பட்டு, தகட்டைச் சில மில்லிமீட்டர் திறந்து வைக்கும் ரப்பர் டயாஃப்ரம் ஒன்று. குளிரில் ஐட்லிங்கைத் தூக்கி வைக்கும், படிப்படியாக வெட்டிய சின்னத் துண்டான கேம் ஒன்று. அந்தக் கேமில் ஐட்லிங் திருகு உட்கார்ந்திருப்பதால், ஆக்சிலரேட்டரை ஒரு தடவை அமுக்கி விட்டால்தான் தகடு மூடும். சாவியைப் போடும் முன் ஒரு முழு அமுக்கு. இதைச் செய்யாமல் "சோக் மூட மாட்டேங்குது" என்று டப்பாவைக் கழற்றியவர்கள் நிறைய பேர், நானும் அதில் சேர்த்தி.

ஆயத்தம்

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி ஓரமாக மடக்கி வையுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்ததும் கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். அந்த மூன்று ஸ்க்ரூவில் ஒன்று உள்ளே விழுந்தால் என்ஜின் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்னொன்று: ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்தி ஸ்டார்ட் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. பேக்ஃபயர் வந்தால் கை வெந்துவிடும். செய்யாதீர்கள்.

வாங்க வேண்டியது குறைவு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் மூன்று மீட்டர், ஹாரனுக்குப் போடுவது போன்ற 12 வோல்ட் நாலு பின் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று, 7.5 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், லக்குகள், ஸ்லீவ், ரப்பர் குரொம்மெட். கையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். டெஸ்ட் லாம்ப் மட்டும் போதாது, ஏழு வோல்ட்டிலும் பல்பு எரிந்து ஏமாற்றும். குளிர்ந்த ஹீட்டர் முதலில் இரண்டு மூன்று ஆம்பியர் வரை இழுத்து, சூடாக ஆக ஒரு ஆம்பியருக்குக் கீழே இறங்கும். அதனால் பெரிய ஒயர் வேண்டியதில்லை, ஃபியூஸ் மட்டும் கட்டாயம்.

பழைய வில்லிஸ் வகை ஜீப் என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்து 6 வோல்ட்டிலேயே இன்னும் இருந்தால் இந்த 12 வோல்ட் சோக் அதில் வேலைக்காகாது.

பூட்டும் முன் மேஜையில் சோதியுங்கள்

மீட்டரை ஓமில் வைத்து, டப்பாவின் டெர்மினலுக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளவு எடுங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. எல்லையில்லாமல் ஓடினால் உள்ளே அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்கு ஒட்டிக் காட்டினால் ஷார்ட். டெர்மினல் இரண்டு இருந்தால் அந்த இரண்டுக்கும் இடையே அளக்க வேண்டும், ஒன்று பிளஸ், மற்றது எர்த்.

பிறகு ஃபியூஸ் வைத்த ஒயரால் நேராக பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து, டப்பாவின் உள்பக்கத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அப்புறம் சுருளின் நுனியில் இருக்கும் கொக்கி, மிக மெதுவாக, கடிகாரத்தின் நிமிட முள் போல நகரத் தொடங்கும். அந்த நகர்வை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சமாச்சாரம் மொத்தமும் மனதில் பதிந்துவிடும்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

வேலையின் உயிர்நாடி இதுதான். எங்கள் ஜீப்பில் ஒயரை, பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் பிளஸ்ஸில் மாட்டியிருந்தார்கள். பார்க்க வசதியான இடம்: கார்புரேட்டருக்குப் பக்கத்தில், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும். மீட்டர் வைத்தேன், 12 வோல்ட் காட்டியது. சரிதானே என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடிக் காயிலை இயக்கும் பழைய முறை) உள்ள பல வண்டிகளில் காயிலுக்கு முன்னால், அதற்குப் போகும் வோல்ட்டைக் குறைக்க ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். சில வண்டிகளில் அது ஒயருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். என்ஜின் நிற்கும்போது பாயிண்ட் திறந்த நிலையில் இருந்தால் கரண்ட் ஓடாது, அதனால் காயிலில் முழு 12 வோல்ட் காட்டும். ஓடும்போது ஆறிலிருந்து ஒன்பது வோல்ட்டுக்குள் இறங்கிவிடும். வோல்ட் பாதியாகக் குறைந்தால் சாதாரண ஹீட்டரின் சூடு பாதியல்ல, கால்வாசிதான். எங்கள் சோக் முழுதாகத் திறக்கவே இல்லை. சேலத்து வெயிலில் டப்பா தானாகவே சூடாகி அந்தக் குறையை மறைத்திருக்கிறது. போதாததற்கு, சோக் இழுக்கும் கரண்ட்டும் அதே ரெசிஸ்டர் வழியே போவதால் பிளக்கின் பொறியும் பலவீனமாகும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த வயதான ஆட்டோ எலெக்ட்ரிசியன் ஒருவர், போனில் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, வண்டி ஓடுறப்ப மீட்டர் வெச்சியா, நிக்கிறப்ப வெச்சியா?"

ஆகவே எந்த இடத்தில் எடுத்தாலும், என்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள். பதின்மூன்றரைக்கு மேல், பதினாலரைக்குள் வர வேண்டும். அதுவே பேட்டரி சார்ஜ் ஆகும் வோல்ட்டும் கூட.

நல்ல வழி ரிலேதான். ரிலேயின் அடியில் பின்களுக்கு எண் பொறித்திருக்கும். 30-ஐ ஃபியூஸ் வழியாக பேட்டரி பிளஸ்ஸுக்குக் கொடுங்கள், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 87-லிருந்து சோக் டெர்மினலுக்கு. 85-ஐ பாடியில் எர்த். 86-க்குத்தான் "இப்போது சோக்குக்குக் கரண்ட் விடு" என்ற உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவை ஃபியூஸ் பாக்ஸில் இக்னிஷன் வழியே உயிர் பெறும் ஒரு முனையிலிருந்து எடுக்கலாம். எளிதானது, தொண்ணூறு சதவீதம் பேருக்கு இதுவே போதும். ஒரே குறை: என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால், என்ஜின் பனிக்கட்டியாக இருக்கும்போதே சோக் சூடாகித் திறந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

அந்தக் குறையும் வேண்டாம் என்றால் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு டெர்மினலைப் பிடியுங்கள். சாவி போட்டு என்ஜின் நிற்கும்போது அங்கே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும். என்ஜின் ஓடி சார்ஜ் ஏறத் தொடங்கியதும் பதினாலு வோல்ட் வரும். அதிலிருந்து 86-க்கு ஒரு கிளை. என்ஜின் உண்மையில் ஓடினால்தான் சோக்குக்குக் கரண்ட் போகும். எங்கள் ஜீப்பில் இப்போது இதுதான். ரிலேயின் சுருள் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு அளவே, அதைத் தாங்கும். சோக்கையே நேராக அந்த டெர்மினலில் மாட்டிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் டயோடுகள் போய்விடும். ஆல்டர்னேட்டர் இல்லாமல் இன்னும் பழைய டைனமோ ஓடும் வண்டி என்றால் இந்த வழி வேண்டாம், சாவி வழியே இருங்கள்.

எர்த் என்ற மறந்துபோகும் பாதி

ஒற்றை டெர்மினல் சோக்கில் கரண்ட் திரும்பிப் போவது கார்புரேட்டரின் உடல் வழியாக. அந்தக் கார்புரேட்டரோ சூடு ஏறாதிருக்க வைத்த தடித்த பேக்கலைட் தட்டின் மேலும், இரண்டு பேக்கிங் மேலும் உட்கார்ந்திருக்கிறது. நட்டும் ஸ்டட்டும் எர்த்தைக் கொண்டுபோகலாம், போகாமலும் இருக்கலாம். துரு ஏறிய பழைய வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிளே எர்த் ஒயராக வேலை செய்து சூடாவதும் நடக்கும். ஆகையால் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ஒரு நட்டுக்கு அடியில் வட்ட லக் வைத்து, என்ஜின் பிளாக்கின் சுரண்டிய உலோகத்துக்குத் தனியாக ஒரு ஒயர் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் வேலை. பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும். சில மாடல்களில் டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பேக்கிங் போடவே கூடாது, போட்டால் எர்த் அறுந்துவிடும். உங்களுடையதில் முன்பு இருந்ததா என்று கழற்றும்போதே கவனியுங்கள்.

ஒயரை ஓட்டுவது

தகரச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் குரொம்மெட் இல்லாமல் ஒயரை விடாதீர்கள். மலைப் பாதையில் ஓடும் வண்டி நாள் முழுக்க அதிர்கிறது. மூன்று மாதத்தில் தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலை உரித்துவிடும். சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி, ஆக்சிலரேட்டர் லிங்க் போய்வரும் வழியை விட்டு விலகி ஒயரைக் கட்டுங்கள். லக்கை பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் பிடியுங்கள். கடைசியில், என்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஆடும் அளவுக்கு ஒயரில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இறுக்கமாக இழுத்துக் கட்டினால் கிளட்ச் விடும்போதெல்லாம் டெர்மினலைப் பிடுங்கும்.

செட்டிங்: அவசரப்படக் கூடாத பகுதி

டப்பாவை மாட்டும்போது ஒன்றைத் தவறவிடாதீர்கள். சுருளின் நுனிக் கொக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோலின் காதில் மாட்ட வேண்டும். மாட்டாமல் மூடிவிட்டாலும் டப்பா ஒழுங்காகவே உட்காரும், ஸ்க்ரூவும் ஏறும், வெளியில் ஒன்றும் தெரியாது. மாட்டியதற்கு அடையாளம் இது: டப்பாவை இப்படியும் அப்படியும் திருகினால் மேலே தகடு கூடவே அசைய வேண்டும். அசையவில்லை என்றால் திரும்பக் கழற்றுங்கள்.

இப்போது ஊர் விஷயம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலத்தில் மே மாதம் மத்தியானம் 38 டிகிரி. மலையில் மார்கழி விடியலில் பன்னிரண்டு, பதிமூன்று. சுருளும் ஒரு வெப்பமானிதான். 38 டிகிரியில் தகடு மெல்லத் தொடும்படி செட் செய்தால், பன்னிரண்டில் அதே சுருள் தகட்டை அமுக்கிப் பூட்டிவிடும். அதைத் தளர்த்த ஹீட்டருக்கு வெகுநேரம் ஆகும், டயாஃப்ரமும் இழுத்துத் திறக்கத் திணறும். இதற்கு மேல் மலையில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதை அறியாமல் பெட்ரோலை ஊற்றும். சோக் முழுதாகத் திறந்திருந்தாலே கலவை கொஞ்சம் கனம்தான். பாதி மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம், மாமாவின் ஜீப் கக்கிய கறுப்புப் புகை அதுதான்.

அதனால் வண்டி எந்த ஊரில் இரவு தூங்குகிறதோ அந்த ஊரில், விடியற்காலையில், என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் செட் பண்ணுங்கள். பட்டறையில் மத்தியானம் செட் செய்து வாங்கி வந்தது தற்காலிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை: சாவியைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். மூன்று ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முழுதாக அமுக்கி விடுங்கள். டப்பாவை எந்தப் பக்கம் திருகினால் தகடு மூடுகிறது என்று கண்ணால் பாருங்கள். முதலில் நன்றாகத் திறக்கும் பக்கம் கொண்டுபோய், பிறகு மூடும் பக்கம் மெதுவாக வாருங்கள். தகட்டின் விளிம்பு சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். சுண்டு விரலால் தள்ளினால் தயக்கமில்லாமல் திறந்து, விட்டதும் தானாக மூட வேண்டும். விரல் எதிர்ப்பை உணர்ந்தால் அதிகம், டப்பாவின் விளிம்பில் இருக்கும் அளவுக் கோடுகளில் ஒரு கோடு பின்னால் வாருங்கள். ஸ்க்ரூவை இறுக்கி, டப்பாவின் விளிம்பிலும் கார்புரேட்டரிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். இனி எவ்வளவு திருகினாலும் ஆரம்பித்த இடம் தெரியும்.

ஸ்டார்ட் செய்யுங்கள். பற்றிய உடனே டயாஃப்ரம் தகட்டை நாலைந்து மில்லிமீட்டர் திறக்க வேண்டும். உங்கள் கார்புரேட்டருக்குச் சொன்ன அளவுள்ள டிரில் பிட்டின் மழுங்கிய அடிப்பக்கத்தை இடைவெளியில் செருகிப் பார்த்தால் போதும். ஐட்லிங் நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றை ஒட்டி இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை தகட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அது செங்குத்தாக நிற்க வேண்டும். நின்றதும் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். கேமின் கடைசிப் படியும் இறங்கி ஐட்லிங் சாதாரணத்துக்கு வரும். தட்டாவிட்டால் படியிலேயே நின்று, என்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். அது பழுதில்லை.

முதல் நாளே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூன்று நாலு காலை பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடுக்கு மேல் மாற்றாதீர்கள்.

கோளாறு வந்தால்

எந்தக் கோளாறுக்கும் முதல் வேலை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தகட்டைப் பார்ப்பது. என்ஜின் சூடாக இருந்து, தகடு செங்குத்தாக நின்று, அப்படியும் கறுப்புப் புகை வந்தால் அது சோக் அல்ல. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையையோ நீடில் வால்வையோ பாருங்கள், டப்பாவில் கை வைக்காதீர்கள். நான் இரண்டு வாரம் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

தகடு திறக்கவே இல்லை: என்ஜின் ஓடும்போது சோக் டெர்மினலில் வோல்ட் அளவெடுங்கள். பதினாலு வந்தால் மீட்டரின் ஒரு முனையைக் கார்புரேட்டர் உடலிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தான் கோளாறு. இரண்டும் சரி, டப்பாவைத் தொட்டால் சூடே இல்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. டப்பா சூடாகிறது, தகடு நகரவில்லை என்றால் தண்டு சிக்கியிருக்கிறது. தோட்ட வண்டிகளில் இது அதிகம். காபி காயவைக்கும் காலத்தில் தோல் தூசு எங்கும் பறக்கிறது, ஈரத்தோடு சேர்ந்து தண்டில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. கார்ப் கிளீனர் அடித்துக் கையால் ஆட்டிவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், அடுத்த தூசை அதுவே பிடித்து வைக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவின் அடித்தகரம் தகட்டில் இடிப்பதும் உண்டு. ஃபில்டரை மாட்டிய பிறகுதான் கோளாறு வருகிறதென்றால் அங்கே பாருங்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை, தகடு மூடவில்லை: ஆக்சிலரேட்டரை அமுக்கினீர்களா? அமுக்கியும் மூடவில்லை என்றால் தண்டு, அல்லது கொக்கி நழுவியது.

ஸ்டார்ட் ஆகி, நாலு வினாடி ஓடி, புகையோடு மூச்சுத் திணறி நிற்கிறது: டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது வேக்கூம் வழி அடைத்திருக்கலாம். சுருள் அதிகம் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் டப்பாவை ஒரு கோடு தளர்த்திப் பாருங்கள்.

சூடான வண்டி, அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் மட்டும் முரண்டு பிடிக்கிறது: எலெக்ட்ரிக் சோக்கின் இயல்பு இது. வளைவுகளில் ஏறி மேலே வந்து, டீக் குடிக்க நிறுத்துகிறோம். குளிர்காற்றில் சின்ன டப்பா சீக்கிரம் ஆறிவிடும், பெரிய என்ஜின் சூடாகவே இருக்கும். திரும்ப அமுக்கினால் தேவையில்லாத சோக் விழும். இப்படிப்பட்ட நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்பக் குத்தாமல், பாதி அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபியூஸ் போகிறது: டெர்மினலிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அப்படியும் போனால் வழியில் ஒயர் எங்கோ உரசுகிறது. நின்றால் ஹீட்டர் ஷார்ட். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகிறது.

வழியில் சோக் செத்துப்போய், மூடிய தகட்டோடு மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, தகடு முழுதாகத் திறக்கும் வரை டப்பாவைத் திருகி இறுக்கிவிடுங்கள். சூடான என்ஜின் சோக் இல்லாமலே வீடு வரை வரும். நெயில் பாலிஷ் கோடு இருப்பதால் பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருவதும் சுலபம்.

கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர்களில் வரும் ஆட்டோ சோக் இதன் தம்பி. அங்கே சுருளுக்குப் பதில் மெழுகு. ஹீட்டர் சூட்டில் மெழுகு விரிந்து ஒரு ஊசியைத் தள்ளிக் கூடுதல் பெட்ரோல் வழியை அடைக்கும். அதிலும் கரண்ட் வராவிட்டால் வண்டி எப்போதும் கூடுதல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே ஓடும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் முதலில் அந்த ஒயரைப் பாருங்கள்.

ஒவ்வொரு செட்டிங்கையும் எழுதி வைப்பது நல்லது. எங்கள் ஜீப்பின் பானெட் உள்பக்கம் ஒரு அட்டையை ஒட்டியிருக்கிறேன். கடைசி வரி மாமாவின் கையெழுத்தில் இருக்கிறது: "ஜனவரி, காலை ஆறரை, 13 டிகிரி, ஒரு கோடு தளர்வு, நாலு நிமிஷத்தில் திறந்தது, புகை இல்லை."